வரலாற்று ஆய்வுக் கட்டுரையைத் திட்டமிடுவது எப்படி? சோழர் ஆய்வுகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை மாணவர்களின் கட்டுரைத் திட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எல்லா நூல்களையும் படித்து முடித்தால் கேள்வி தானாகப் பிறக்கும் என்று நம்பி ஆறு மாதம் குறிப்பெடுக்கிறார்கள். கெடு நெருங்கியதும் அந்தக் குறிப்புகளையே கட்டுரை என்று அடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். என் முதல் கட்டுரையும் அப்படித்தான் போனது. அதைப் படித்த நெறியாளர், "இதில் எல்லோரும் பேசுகிறார்கள், நீ எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

முன்னோர் ஆய்வுகளைப் படிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதை ஒரே எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்: சோழ அரசு எப்படிப்பட்ட அரசு என்ற நீண்ட வழக்கு. தரப்புகள் தெளிவாகப் பிரிந்து நிற்பதும், சான்றுகளில் கணிசமானவை அச்சில் கிடைப்பதும் இதைத் தேர்ந்ததற்குக் காரணம். உங்கள் பொருள் காலனியக் காலப் பஞ்சமாகவோ நெசவாளர் இடப்பெயர்வாகவோ இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். படிகள் இவையேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நெறியாளரிடம் மூன்று விடைகளை வாங்கிவிடுங்கள்: எத்தனை சொற்கள், எந்தத் தேதி, எந்த அடிக்குறிப்பு முறை. மூன்றாவதை அற்பம் என்று தள்ளாதீர்கள். முறை தெரியாமல் எடுத்த குறிப்பில் பதிப்பகமோ பதிப்பாண்டோ விட்டுப்போகும். கடைசி வாரத்தில் அதற்காக மீண்டும் நூலகத்துக்கு ஓட வேண்டிவரும்.

அடுத்தது, நூல்கள் எங்கே கிடைக்கும் என்பது. சென்னையில் இருந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் போக முடிந்தால் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தளங்களுக்குக் கல்லூரியின் சந்தா இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பலர் படிப்பு முடிகிற மாதத்தில்தான் அது இருந்ததையே அறிகிறார்கள்.

மூன்றாவது, அஞ்சலட்டை அளவில் வெட்டிய நூறு அட்டைகள், அல்லது கணினியில் ஓர் எக்செல் தாள். கோடு போட்ட நோட்டு வேண்டாம். நோட்டில் எழுதியதை இடம் மாற்ற முடியாது. நான்காம் படியில் இடம் மாற்றுவதுதான் முழு வேலையும்.

1. தலைப்பை ஒதுக்கிவைத்து, சர்ச்சையைத் தேடுங்கள்

"சோழர் கால நிர்வாகம்" என்று ஒரு மாணவர் தலைப்போடு வருவார். அது கட்டுரைத் தலைப்பு அல்ல, நூலக அலமாரிக்கு ஒட்டுகிற சீட்டு. நானூறு ஆண்டு ஆண்ட ஒரு மரபின் நிர்வாகத்தை எட்டாயிரம் சொற்களில் அடக்கினால் கிடைப்பது பள்ளிப் பாடம்தான்.

தலைப்புக்குப் பதிலாக, அறிஞர்கள் எதில் முரண்படுகிறார்கள் என்று தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது பளிச்சென்று தெரிகிறது. நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய சோழர் வரலாறு, அதிகாரிகள் நிறைந்த வலுவான மைய ஆட்சியையும் அதன் கீழ் துடிப்பாக இயங்கிய ஊராட்சியையும் சேர்த்தே வரைகிறது. பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூல் அந்தப் படத்தையே மறுத்தது. மன்னரின் நேரடி அதிகாரம் காவிரிப் பகுதியைத் தாண்டினால் பெரும்பாலும் சடங்கு சார்ந்ததாகவே இருந்தது, உண்மையான அதிகாரம் நாடு என்ற உழவர் வட்டாரங்களிடம் இருந்தது என்றார் அவர். ஆங்கிலத்தில் segmentary state எனப்படும் இந்த வகை அரசைத் தமிழில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் குறிப்பார்கள். நான் கூறுநிலை அரசு என்று வைத்துக்கொள்கிறேன். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு, முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து மைய அதிகாரம் வளர்ந்ததற்குத் தடயங்கள் இருக்கின்றன என்று ஸ்டெயினுக்கு எதிராக வாதிட்டார்கள்.

மூன்று தரப்புகள் கிடைத்துவிட்டன. முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்.

2. கடைசியில் வந்ததை முதலில் படியுங்கள்

கால வரிசைப்படி 1935இலிருந்து தொடங்க வேண்டும் என்று ஓர் உந்துதல் எழும். அடக்கிக்கொள்ளுங்கள். பழைய நூலை முதலில் படித்தால் அதன் முடிவுகளில் எவை இன்றும் நிற்கின்றன, எவை கேள்விக்குள்ளாயின என்று தெரியாது; எல்லாவற்றையும் குறித்துக்கொள்வீர்கள். ஒரு மாணவி சாஸ்திரியின் நூலிலிருந்து மட்டும் இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்து வந்தார். கடைசியில் பயன்பட்டது நான்கு பக்கம்.

புதிய நூலின் முன்னுரையில் பழைய சண்டைகள் ஒருமுறையாவது தொகுத்துச் சொல்லப்பட்டிருக்கும். சுப்பராயலுவின் கட்டுரைத் தொகுப்பு 2012இல் வந்தது. அதற்கு முன் கேசவன் வேளுத்தாட்டின் நூல் 1993இல், ஜேம்ஸ் ஹெய்ட்ஸ்மனின் நூல் 1997இல். அங்கிருந்து பின்னோக்கி நடங்கள்.

நூல்களுக்கும் முன்னால் தேட வேண்டியது மதிப்புரைக் கட்டுரை. ஸ்டெயினின் நூல் வெளிவந்த மறு ஆண்டே ஆர். செம்பகலட்சுமி அதற்கு நீண்ட மதிப்புரை எழுதினார். ஐந்நூறு பக்க நூலின் மூட்டுகள் எங்கே தளர்ந்திருக்கின்றன என்று அத்தகைய ஒரு கட்டுரை காட்டிவிடும். அதற்காக அதைப் படித்துவிட்டு மூலநூலைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

3. முதல் சுற்றில் ஒரு நூலுக்கு அரைநாள் மட்டும்

முன்னுரை, முடிவுரை, பொருளடக்கம், பிறகு அடிக்குறிப்புகள். முதல் சுற்றில் இவ்வளவுதான். நடு அத்தியாயங்கள் காத்திருக்கட்டும்.

அடிக்குறிப்புகளை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ஓர் ஆசிரியர் எந்தச் சான்றில் சாய்ந்து நிற்கிறார் என்பது அங்கேதான் தெரியும். ஒருவர் கல்வெட்டு மூலத்தைக் காட்டுகிறார், மற்றவர் முன்னவரின் நூலைக் காட்டுகிறார் என்றால் இரண்டாமவரின் கூற்று இரவல் கூற்று. ஒரே தகவலை மூன்று நூல்களில் பார்த்து மூன்று சான்று என்று எண்ணிவிடக் கூடாது. மூவரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கலாம்.

கருத்துருக்கள் எங்கிருந்து வந்தன என்பதும் இதே சுற்றில் தெரிந்துவிடும். கூறுநிலை அரசு என்ற கருத்தை ஸ்டெயின் தமிழகத்தில் கண்டெடுக்கவில்லை. உகாண்டா, காங்கோ எல்லைப் பகுதியில் வாழும் ஆலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் என்ற மானிடவியலாளர் செய்த ஆய்விலிருந்து பெற்றுக்கொண்டார். இது தெரிந்தால்தான் எதிர்ப்பாளர்களின் வாதத்தில் பாதி விளங்கும். (ஒரு மாணவர் இந்த ஆலூரையும் பின்னால் வரப்போகும் திருச்சிப் பக்கத்து அல்லூரையும் குழப்பிக்கொண்டு, காவிரிக் கரையிலிருந்து கோட்பாடு ஆப்பிரிக்காவுக்குப் போனதாக எழுதிவிட்டார். அட்டையில் இடத்தின் பெயரோடு நாட்டையும் எழுதச் சொல்வது அன்றிலிருந்துதான்.)

4. கூற்றுக்கு ஓர் அட்டை, ஆளுக்கு ஓர் அட்டை அல்ல

"ஸ்டெயின்" என்று தலைப்பிட்டு அவர் சொன்ன அனைத்தையும் ஒரே அட்டையில் திணித்தால் கட்டுரையும் அதே வடிவத்தில் வரும்: முதல் பத்தி சாஸ்திரி, இரண்டாம் பத்தி ஸ்டெயின், மூன்றாம் பத்தி கராஷிமா. இதை நான் ரயில் பெட்டிக் கட்டுரை என்பேன். பெட்டிகள் கோத்திருக்கும், எஞ்சின் இருக்காது.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரிகள் எழுதுங்கள். ஒன்று, கூற்று, உங்கள் சொற்களில். இரண்டு, அது எந்தச் சான்றின் மேல் நிற்கிறது. மூன்று, அந்தச் சான்று எந்த வட்டாரத்தையும் எந்தக் காலத்தையும் சேர்ந்தது. நான்கு, யார் மறுக்கிறார், எதை வைத்து மறுக்கிறார். பதிப்பும் பக்க எண்ணும் மூலையில் இருக்கட்டும். சாஸ்திரியின் நூலுக்கு 1955இல் திருத்திய பதிப்பு வந்தது. முதல் பதிப்பின் பக்க எண்ணை எழுதிவிட்டு இரண்டாம் பதிப்பைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கும் பிழையை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஓர் அட்டையை நிரப்பிக் காட்டுகிறேன். கராஷிமா 1966இல் வெளியிட்ட கட்டுரை திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரித் தென்கரையில் உள்ள இரண்டு ஊர்களை ஒப்பிடுகிறது. ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊர்; அல்லூர் பிராமணர் அல்லாதோரின் ஊர்.

கூற்று: பிரமதேயத்தில் தனி ஆட்களின் நில உடைமை தெரிகிறது, பிராமணர் அல்லாதோரின் ஊரில் நிலம் ஊராருக்குப் பொதுவாக இருந்ததாகத் தெரிகிறது. சான்று: அந்த ஊர்களின் நிலக் கொடுக்கல் வாங்கல் பற்றிய கல்வெட்டுகள். இடமும் காலமும்: இரண்டு ஊர்கள், முற்காலச் சோழர். மறுப்பு: இப்போதைக்குக் காலி.

மூன்றாம் வரியைப் பாருங்கள். இரண்டே ஊர்கள். பிற்காலத்தில் ஊர்களிலும் தனி உடைமை பரவியது என்று கராஷிமா தன் பிந்தைய ஆய்வுகளில் விரித்துக்கொண்டு போனார். ஆனாலும் இந்த அட்டை உங்களைப் பார்த்து, "வேறு இரண்டு ஊர்களில் என்ன நடந்தது?" என்று கேட்கிறதல்லவா? கட்டுரை பிறக்கும் இடம் அது. நான்காம் வரி காலியாக இருக்கும் அட்டைகளைத் தனியே ஒரு ரப்பர் வளையத்தில் போட்டு வையுங்கள்.

அறுபது எழுபது அட்டை சேர்ந்ததும் மேசையில் பரப்பி, ஆட்களை மறந்து, ஒரே கேள்வியைத் தொடும் அட்டைகளை ஒன்றாகக் குவியுங்கள். எந்தக் குவியலில் சத்தம் அதிகமோ அங்கே உங்கள் பொருள் இருக்கிறது.

5. ஒரே கல்லை இருவர் எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள்தான் அதிகம். அறிஞர்கள் வெவ்வேறு சான்றுகளை வைத்து முரண்படுவது ஒரு வகை. ஒரே சான்றை வைத்து முரண்படுவது வேறு வகை. நமக்குப் பெரிய கொடை அதுதான்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகள். ஆங்கில ஆண்டுக்கு ஏறத்தாழ 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறை, முப்பது குடும்புகள் (ஊரின் வட்டங்கள்), ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பள்ளிப் பாடத்தில் வந்தவை. ஊராட்சியின் தன்னாட்சிக்கு இவற்றைக் காட்டாதவர் இல்லை.

இப்போது அதே கல்வெட்டுகளின் தொடக்கத்துக்குப் போங்கள். மன்னரின் ஆணைப்படி வந்த அதிகாரி ஒருவர் உடனிருக்க, சபையார் இந்த விதிகளைச் செய்ததாக இரண்டிலும் இருக்கிறது. முதல் முறை வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். தன்னாட்சி என்பவர் குடத்தைப் பார்க்கிறார். மைய அதிகாரம் என்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்க்கிறார். கல் ஒன்றுதான்.

உறுப்பினராவதற்கான தகுதிகளையும் படியுங்கள். கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் இறை, அதாவது வரி, செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. வயது முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 என்று மாறுகிறது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். அதன் சபை விதியை வைத்துச் "சோழர் காலக் கிராமங்களில் தேர்தல் நடந்தது" என்று பன்மையில் எழுதிய கட்டுரைகள் என் மேசைக்கு எத்தனையோ வந்துவிட்டன. பிராமணர் அல்லாத உழவர்களின் வெள்ளான்வகை ஊர்களுக்கு இதை நீட்டக் கல்வெட்டே இடம் தரவில்லை.

ஆகவே ஒவ்வொரு முக்கியக் கூற்றுக்கும் மூலக் கல்வெட்டை நீங்களே ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். ஆய்வாளர் காட்டிய மூன்று வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்வெட்டுத் தமிழ் முதலில் மிரட்டும். பத்துக் கல்வெட்டு தாண்டினால் வாய்பாடு பிடிபட்டுவிடும். அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த ஆவணங்கள்.

6. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வாக்கியத்தில் இடம், காலம், சான்று வகை, எதிர்கொள்ளும் கூற்று நான்கும் இருக்க வேண்டும். "சோழர் கால நில உடைமை பற்றி ஆராய்தல்" தேறாது. இது தேறும்: "கராஷிமா ஈசானமங்கலத்துக்கும் அல்லூருக்கும் இடையே கண்ட வேறுபாடு, இன்ன கோயிலின் 985 முதல் 1178 வரையிலான நில விற்பனைக் கல்வெட்டுகளிலும் தென்படுகிறதா?"

ஆண்டுகளைக் கைக்கு வந்தபடி வைக்கவில்லை. கராஷிமா, சுப்பராயலு முதலானோர் சோழர் காலத்தை நான்காகப் பகுத்தபோது 985, 1070, 1178 ஆகியவற்றையே வெட்டும் இடங்களாக வைத்தார்கள். அதே பகுப்பை நீங்களும் வைத்தால் உங்கள் எண்ணிக்கையை அவர்களுடையதோடு நேராக ஒப்பிடலாம். சொந்தமாக ஒரு பகுப்பைக் கண்டுபிடித்தால் ஒப்பீடு கைநழுவும்.

7. சான்று தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள்

கேள்வி அழகாக இருந்து சான்று நான்கே இருந்தால் கேள்வியை மாற்ற வேண்டியதுதான். இதை இரண்டு நாளில் சோதித்துவிடலாம். 1887இலிருந்து வரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் நீங்கள் தேர்ந்த கோயிலுக்கான பதிவுகளைப் பட்டியலிடுங்கள். மூலப் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் வந்திருக்கிறதா என்று அடுத்த நெடுக்கட்டத்தில் குறியுங்கள். பாடம் அச்சாகாமல் சுருக்கம் மட்டும் கிடைப்பவற்றுக்கு வேறு நிறம் தாருங்கள். சுருக்கத்தில் விற்றவர் பெயரே இல்லாமல் போகலாம்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

முதலாவது இரட்டை எண்ணிக்கை. ஆண்டறிக்கையில் ஓர் எண், தொகுதியில் வேறோர் எண். கல்வெட்டு ஒன்றுதான், பட்டியலில் இரண்டாகிவிடும். இதைத் தவிர்க்கத்தான் இரண்டு எண்களும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது மன்னர் யார் என்பது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். "கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 5" என்று மட்டும் இருந்தால் அது பராந்தகனா, உத்தம சோழனா, வேறொருவரா என்று பட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. "மதிரை கொண்ட" என்ற அடைமொழி முன்னால் வந்தால் பராந்தகன். மன்னரின் புகழைச் சொல்லும் தொடக்க வரிகளான மெய்க்கீர்த்தி இருந்தால் கவலையில்லை. இரண்டும் இல்லாதவற்றை ஐயம் என்ற தனிப் பட்டியலில் வையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். ஐயமானவற்றை வசதியான மன்னருக்குக் கொடுத்துவிட்டால் முடிவும் வசதியாகவே வரும்.

மூன்றாவது, சுவரின் சாய்வு. இந்தக் கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயிலுக்கு வந்த கொடையையும் கோயில் தொடர்பான நிலத்தையும் பதிந்தவை. கோயிலைத் தொடாத விற்பனை கல்லில் ஏறியிருக்க வாய்ப்புக் குறைவு. கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்துக்குள் இதை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

பிறகு எக்செல் தாளில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: ஆண்டு, விற்றவர் ஊராரா, சபையாரா, தனி ஆளா, வாங்கியவர் யார், நில அளவு எத்தனை வேலி அல்லது குழி. குழியை வேலியாக மாற்ற அவசரப்படாதீர்கள். அளவுகோல் இடத்துக்கு இடம் மாறும். கல்வெட்டு சொல்லும் அலகிலேயே முதலில் பதியுங்கள்.

எண்ணிக்கை இருபதுக்குக் கீழே வந்தால் பக்கத்துக் கோயிலையும் சேர்ப்பேன். நூற்றைம்பதைத் தாண்டினால் காலத்தைச் சுருக்குவேன். இது என் அனுபவக் கணக்கு, விதி அல்ல.

8. ஒரு பக்கத் திட்டம்

இப்போதுதான் பேனாவை எடுக்கிறோம். ஒரே தாள், ஒரே பக்கம். மேலே கேள்வி வாக்கியம். அதன் கீழே, இப்போதைக்குத் தோன்றும் விடை. அது தவறாக இருந்தால் பரவாயில்லை. மூன்றாவதாக, எந்தச் சான்று கிடைத்தால் அந்த விடையைக் கைவிடுவீர்கள் என்று ஒரு வரி. நெறியாளர்கள் முதலில் படிப்பது இந்த மூன்றாம் வரியை. இது இல்லாத திட்டத்தில் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு பகுதிகள். நான்காம் படியின் குவியல்களே பகுதிகளாகும். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பாக ஒரு வினாவை எழுதி, அதன் கீழ் எந்த அட்டைகள், எந்தக் கல்வெட்டுகள் என்று எண்ணை மட்டும் குறியுங்கள். முன்னோர் ஆய்வைத் தனி அத்தியாயமாக ஒதுக்கச் சொல்லும் வழக்கம் சில துறைகளில் இருக்கிறது. கட்டாயம் என்றால் அதை மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியை அந்தந்தக் கேள்வி எழும் இடத்தில் வையுங்கள்.

எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவத்தில் எழுதுங்கள். ஸ்டெயின் சோழரைப் பலவீனமான அரசு என்றார் என ஒற்றை வரியில் முடிப்பது நியாயமில்லை. அதிகாரம் எங்கே தங்கியிருந்தது என்பது அவர் கேள்வி; வலிமையா பலவீனமா என்பது அவரைப் படித்தவர்கள் ஏற்றிச் சொன்னது. அதேபோல் எதிர்ப்பாளர்கள் காட்டும் வளநாடுகளையும் (பல நாடுகளைச் சேர்த்த பெரும் பிரிவுகள்), வரித்துறையான புரவுவரித் திணைக்களத்தையும், ராஜராஜன் காலத்து நில அளவையையும் பெயரளவில் சொல்லிவிட்டு நகராதீர்கள். அவை எந்தெந்த ஆண்டுக் கல்வெட்டுகளில் வருகின்றன என்று அட்டையில் இருந்தால்தான் உங்கள் ஊரோடு பொருத்திப் பார்க்க முடியும்.

9. எழுதும் வரிசை

பன்னிரண்டு வாரம் இருந்தால் முதல் ஐந்தைப் படிப்புக்கும் அட்டைக்கும், அடுத்த மூன்றைக் கல்வெட்டுப் பட்டியலுக்கும் கொடுங்கள். எழுத மூன்று, திருத்த ஒன்று. பட்டியல் வேலை சொன்ன காலத்தில் முடியாது. எழுதும் வாரங்களில் ஒன்றைத் திருடிக்கொள்ளும்.

எழுதத் தொடங்கும்போது அட்டவணை இருக்கும் பகுதியை முதலில் எழுதுங்கள். எண்களைச் சொற்களாக்கும்போதுதான் முதல் விடை எவ்வளவு நின்றது என்று தெரியும். முன்னுரை கடைசியில். ரப்பர் வளையத்தில் மிஞ்சிய அட்டைகளை வேறோர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி மூன்று உறைகள் இருக்கின்றன. இரண்டிலிருந்து பிறகு கட்டுரைகள் வந்தன, மூன்றாவது இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது.